ஜெபமணி டீச்சரின் மேசையும் என் மேசையும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் செய்து காட்டும் வேலையில், பரிசோதனை சொதப்பினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்து மேசையில் கூட்டம் கூடினால்தான் தாங்காது. உங்களுக்கும் ஒரு பக்கத்து மேசை வாய்த்திருந்தால், என் வயிற்றெரிச்சல் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறையச் சாமான்களோடு ஊர் ஊராகப் போவோம். பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். செய்த சூட்டோடு, இதைப் படித்தால் இன்னின்ன வேலைக்குப் போகலாம் என்று நாங்கள் சொல்லுவோம். எனக்கு இயற்பியல். பக்கத்து மேசை ஜெபமணி டீச்சர், வேளாண் கல்லூரியில் மண்ணியல் படித்தவர். கடைசியில், எந்த வேலைக்கு ஆசையோ அந்த மேசைக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். டீச்சர் கொண்டுவந்த வழக்கம் அது. யாருடைய வால் நீளம் என்று பள்ளிக்கூடமே பார்க்கும்.

என் மகள் கார்த்திகா அப்போது பத்தாவது. அவள் இயற்பியல் படிக்க வேண்டும், ஒருநாள் என் வரிசையில் நிற்க வேண்டும் என்று எனக்கு உயிர்போகிற ஆசை. சனிக்கிழமைகளில் எங்களோடு வேனில் வருவாள். வந்து, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

மோட்டார்

என் மேசையில் பட்டகம், லென்ஸ், காந்தம், கையடக்க மின்மோட்டார் எல்லாம் இருக்கும். மதுரைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியவை. டீச்சர் மேசையில் வெறும் காலி பாட்டில்கள். "அவங்கவங்க புஞ்சையில இருந்து ஒரு கைப்பிடி மண்ணு கொண்டாங்க" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிடுவார். மண்ணைப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி வைக்க வேண்டும். மணல் அடியில் இறங்கும், அதன்மேல் வண்டல். கரிசலின் களி மட்டும் கலங்கியே நிற்கும். எது எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அவ்வளவுதான் வித்தை. ஆனால் சொந்தப் புஞ்சை பாட்டிலுக்குள் கிடக்கும்போது எந்தப் பிள்ளை அதை விட்டு நகரும்?

ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒருவனைக் கையைப் பிடித்தே இழுத்தேன். "ஏலே, இங்கன வா, மோட்டார் ஓடுது பாரு" என்றேன். பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்: "எங்க கெணத்துலயும் மோட்டார் ஓடுது சார். தண்ணிதான் வரல."

பாலம்

சரி, நம் ஊருக்கு ஏற்றதாகச் செய்வோம் என்று மருந்து வைக்காத தீக்குச்சிகளையும் பசையையும் கொடுத்துப் பாலம் கட்டச் சொன்னேன். பாலத்தின் மேல் எடை வைத்து, பொறியாளர் வேலையைப் பற்றிப் பேசுவதாகத் திட்டம். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நடுவில் உள்ள பள்ளி; வீட்டுக்கு வீடு சட்டத்தில் குச்சி அடுக்கிக் கொடுக்கிறவர்கள். பிள்ளைகள் குச்சியை எடுத்த வேகத்தைப் பார்த்து, இன்றைக்கு டீச்சர் மேசையில் ஈ ஆடும் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

வேனிலிருந்து எடைக்கல் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், எல்லோரும் குச்சிகளை ஒரே வரிசையாக, இம்மி பிசகாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். பாலம் எங்கே? குறுக்குக் குச்சி ஒன்றுகூட இல்லை. நான் ஒன்றைக் குறுக்கே ஒட்டிக் காட்டினேன். முன்னால் இருந்த பெண் பதறிப்போய் அதைப் பிடுங்கி நேராக்கினாள்.

"குறுக்க வச்சா எங்கம்மா கையிலயே போடுவா சார்!"

வானவில்

சுவரில் வானவில் விழவைப்பது என்னுடைய பிரம்மாஸ்திரம். எப்போதும்வென்றான் என்ற ஊரில் அதைக் கையில் எடுத்தேன். ஐப்பசி மாதம், விதைத்துவிட்டு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். பட்டகத்தை வெயிலில் பிடித்ததும் நிறங்கள் சுவரில் இறங்கின. பிள்ளைகள் "ஆ" என்றார்கள். டீச்சர்கூட எட்டிப் பார்த்தார். அந்த நிமிஷம் சூரியனை ஒரு மேகம் மூடியது. அத்தனை பேரும் கத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள்.

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? என் மேசையிலிருந்த புனலை எடுத்து, ஒரு பாட்டிலில் செருகி, மைதானத்தின் நடுவில் வைத்தார். மழையை அளப்பதும் ஓர் உத்தியோகம் என்று ஆரம்பித்துவிட்டார். வானிலை இயற்பியலைச் சேர்ந்தது. புனல் என்னுடையது. கூட்டம் மட்டும் அவருடையது. வந்த ஆத்திரத்தில், "வெயில் இப்ப வந்துரும், உள்ள வாங்கலே" என்று கத்தினேன். புனலைச் சுற்றிக் குந்தியிருந்தவர்களில் ஒருவன் என்னைச் சமாதானப்படுத்தினான்: "வானவில்ல நாளைக்குப் பாத்துக்கிடலாம் சார். மேகம் நாளைக்கு நிக்குமா?"

ரேடியோ

இனி அவர் வழியிலேயே போவது என்று முடிவு செய்தேன். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதில்தானே சூட்சுமம்? மணியாச்சிப் பக்கம் போகுமுன், "ஓடாத ரேடியோ, எரியாத டார்ச்சு இருந்தா வீட்டுல கேட்டுக் கொண்டாங்க, பிரிச்சுப் பாப்போம்" என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் பள்ளி வாசலில் நிற்க இடமில்லை. என் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. கண்ணில் தண்ணீர் வராத குறை. கார்த்திகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வரிசையில் பிள்ளைகளே இல்லை, எல்லாம் பெரியவர்கள். கையில் ரேடியோ, டேபிள் ஃபேன், ஒருவர் தோளில் மிக்சி. ரயில்வேக்காரர் ஒருவர் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று தன் ரேடியோவை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, முடிச்சிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லி விடுங்க, வந்து வாங்கிக்கிடுதேன்."

வரிசை

கடைசியாகக் கார்த்திகா படித்த பள்ளிக்கே போனோம். அடுத்து பரீட்சை, அதன்பின் எந்தப் படிப்பு என்று முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பதற்றத்தில், மோட்டாரில் கம்பியைச் சரியாக மாட்டாமல் விட்டதில் அது ஓடவே இல்லை. டீச்சர் மேசையில் பாட்டில்கள் கலங்கிக்கொண்டிருந்தன, சிரிப்புச் சத்தம் வேறு.

வரிசையில் நிற்கச் சொன்னதும் டீச்சரின் வால் தண்ணீர்க் குழாய்வரை போய்விட்டது. என் பின்னால் இரண்டொருவர். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கார்த்திகா வந்தாள். நேராக என் மேசைக்குப் பின்னால் நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டீச்சரைப் பார்த்து, இத்தனை நாள் எரிச்சலுக்கும் சேர்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, "ஏட்டி, அப்ப பிசிக்ஸ்தானே?" என்று கேட்டேன். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கோவப்படாதீங்கப்பா. நான் டீச்சர் வரிசையிலதான் நின்னேன். அவியதான், 'அப்பா பக்கம் ஆளே இல்ல, பாவம், அங்கன போய் நில்லு'ன்னு அனுப்புனாவ. நான் அக்ரிதான் படிக்கப் போறேன்."

பிள்ளைகளை அறிவியல் உத்தியோகத்துக்கு அனுப்புவதே என் வேலை என்று கிளம்பியவன் நான். நிச்சயமாகத் தெரிந்து நான் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தது என் மகள் ஒருத்தியைத்தான், அதுவும் பக்கத்து மேசைக்கு.