நின்று நின்று போகும் வண்டி

என் வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கு ரோபோ கட்டவும், அதை ஓட்டுகிற புரோகிராம் எழுதவும் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். சும்மா இருக்கத் தெரியாத கை அவருக்கு. நான் மடித்த துண்டை மறுபடி மடிப்பார். பக்கத்து வீட்டு கேட் கிறீச்சிட்டால் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

பெற்றோருக்குக் காட்டும் நாளுக்கு முந்தின மாலை, பிள்ளைகள் போனபிறகு, ஒவ்வொரு ரோபோவையும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தார். நான் டீ ஊற்றிக்கொடுத்தேன். கடைசியாக ஒரு சின்னப் பெண்ணின் வண்டி. தண்ணீர் பாட்டிலைச் சுமந்துகொண்டு கொஞ்சம் போகும், நிற்கும். மறுபடி போகும், நிற்கும்.

"பாவம், திக்கித் திக்கிப் போகுது" என்று சொல்லி, நிற்க வைக்கும் வரிகளையெல்லாம் அழித்துவிட்டார்.

மறுநாள் ஹால் நிறையக் கூட்டம். அந்தப் பெண்ணின் அப்பா கைத்தடி ஊன்றி மேடையேறினார். "இது எங்கப்பாகூட நடக்குற வண்டி" என்று பொத்தானை அழுத்தினாள். வண்டி விருட்டென்று மறுகோடிக்கு ஓடிவிட்டது. அப்பா இரண்டடி வைத்து, மூச்சு வாங்க நின்று, சிரிக்கப் பார்த்தார். விவரம் புரியாமல் யாரோ கைதட்டினார்கள்.

"நான் நிக்கச் சொல்லித்தானே எழுதினேன்?" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. பேட்டரி கோளாறு என்று என் வீட்டுக்காரர் சொல்லித் தப்பித்துவிட மாட்டாரா என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு. அவர் மைக்கை வாங்கினார்.

"பாப்பா சரியாத்தான் எழுதியிருந்தா. நான்தான் தப்புன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். "அப்போ என் பொண்ணோடதையும் நீங்கதான் ஓட வச்சீங்களா சார்?"

அவர் தலை கவிழ்ந்தது. அந்த அம்மாவின் மகள் மடியில் வைத்திருந்த ரோபோவை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

"என்னோடதைத் திருப்பிக் குடுங்க சார்" என்றாள் மேடையில் இருந்தவள்.

பழையதன் மேலேயே சேவ் செய்திருந்தார். திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. அதையும் சொன்னார்.

அவள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்பாவை நடக்கச் சொல்லி, அவர் நிற்குமிடத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஓரிடத்தில் எண் தப்பாக விழுந்தது. என் வீட்டுக்காரர் கை தானாக நீண்டது.

"நீங்க தொடாதீங்க சார்."

அத்தனை பேர் பார்க்க, அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.