மருதாயியின் வண்டியும் நல்லதம்பியின் வண்டியும்

நல்லதம்பி அந்த மோட்டார் சைக்கிளை வாங்கி வந்த நாளிலிருந்தே அவன் பெண்டாட்டி மருதாயிக்கு வயிற்றெரிச்சல்தான். பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும்படி சைட்கார் ஒட்டியிருக்கும். அன்னவாசல்காரர்கள் அதைத் தொட்டி என்றார்கள். மலாய் நாட்டில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்த நல்லதம்பி, அவசரக்காரர்களைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு வாடகைக்கு ஓடினான்.

வண்டி வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் மரியாதைக்குரிய வாகனம் மருதாயியுடைய வில்வண்டிதான். கலியாணத்தில் அவள் அப்பன் ஒரு ஜோடி காளையோடு கொடுத்தது. சிறுமியாக இருந்தபோதே அப்பனோடு புதுக்கோட்டைச் சந்தைக்குப் போய் வந்து, கயிறு பிடிக்கப் பழகியவள் அவள். இப்போது காளைகள் உழவுக்கு மட்டும் போயின. வில்வண்டி மாட்டுக்கொட்டகையில் கோழி அடையும் இடமாகிவிட்டது. ஆனாலும் அமாவாசைக்கு அமாவாசை கோழியை விரட்டிவிட்டு அச்சுக்கு மசகு போட்டு வைப்பாள்.

தொட்டியில் அதிகம் ஏறியது ஆஸ்பத்திரி நர்ஸ் பிரகதாம்பாள். பிரசவம் சிக்கலானால் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் அந்த அம்மாளிடம் ஓடி வருவார்கள். அந்த அம்மாள் நல்லதம்பிக்குச் சொல்லி அனுப்புவார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, தஞ்சாவூரில் படித்து, சமஸ்தான வேலைக்கு வந்தவர். வெள்ளைச் சேலை, கையில் கடிகாரம், மடியில் தோல் பை. தொட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைவீதி வழியாக அவர் போகும்போது டீக்கடையில் பேச்சு நின்றுபோகும்.

"நர்சம்மாவுக்கு முதுகு வலிக்குதாம்" என்று நல்லதம்பி இலவம்பஞ்சு வாங்கி வந்து தொட்டிக்கு ஒரு மெத்தை தைக்கச் சொன்னான். தைத்துக் கொடுத்தவள் மருதாயி. ஒவ்வொரு தையலிலும் வேறு யாரையோ குத்துவதுபோல் ஊசியைக் குத்தினாள்.

சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. நர்சம்மா இப்படிச் சொன்னாங்க, நர்சம்மா அப்படிச் சிரிச்சாங்க. ஒருநாள் மருதாயி கேட்டே விட்டாள்.

"ஏங்க, என்னைய ஒருதடவ அதுல ஏத்திக்கிட்டு இலுப்பூர் வரைக்கும் போயிட்டு வாங்களேன்."

"நீ இலுப்பூருக்குப் போயி என்ன பண்ணப்போற? பெட்ரோல் என்ன கெணத்துத் தண்ணியா?"

மறுநாள் அவள் அய்யனார் கோயிலுக்குப் போய், "சாமி, ஆளுக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். அந்த வண்டிய மட்டும் நீ எடுத்துக்க" என்று வேண்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆடி மாதத்துக் காற்று புழுதியை வாரி வீசிய ஒரு முற்பகல், இலுப்பூருக்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து பெரியண்ணன் என்பவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி ராக்காயிக்கு முந்தின நாளிலிருந்து வலி. பிள்ளை வெளியே வரவில்லை. அவனைக் குறுக்குப் பாதையில் நடந்து வரச் சொல்லிவிட்டு, நல்லதம்பியும் நர்ஸ் அம்மாளும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். சத்தம் மேற்கே தேய்ந்து போகும்வரை மருதாயி வாசலைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால், கல் ஏற்றும் பாரவண்டிக்காரன் சிவசாமி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அண்ணன் வண்டி இலுப்பூர் ரோட்டு மேட்டுல கவுந்திருச்சு. பயப்படாதீங்க, உசுருக்கு ஒண்ணுமில்ல. ரோட்டுல கெடந்த கல்லுல ஏத்திட்டாரு."

"அடிபட்டிருக்கா?"

"கால்ல. புளியமரத்தடியில ஒக்காந்திருக்காக ரெண்டு பேரும். நர்சம்மா கால மடியில தூக்கி வச்சுக் கட்டுப் போட்டுக்கிட்டிருந்தாக."

முதலில் அவளுக்கு வந்தது, அய்யனார் கேட்டுவிட்டாரே என்ற பயம். அடுத்த கணமே அந்தப் பயத்தை வேறொன்று தள்ளிவிட்டது. மரத்தடி. ரெண்டு பேரும். மடியில் கால்.

பிள்ளைகள் இரண்டையும் அடுத்த வீட்டில் விட்டாள். கோழிகளை விரட்டி, வில்வண்டியை இழுத்து வெளியே போட்டு, வைக்கோலைப் பரப்பிக் காளைகளைப் பூட்டினாள். பொம்பளை தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு கடைவீதியில் போவதை அன்று ஊர் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

மேட்டில் பாதி ஏறியதுமே நடந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாரவண்டிக்காரர்கள் ஏற்றத்தில் மாடுகளை நிறுத்தி மூச்சு வாங்க விடும்போது, வண்டி பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுப்பார்கள். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். யாரோ போடாமல் போயிருக்கிறார்கள். தலையளவு கருங்கல் ஒன்று நடுரோட்டில், மேலே ரப்பர் உரசிய கறுப்புக் கோட்டோடு கிடந்தது.

வண்டி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரம் வெயிலில் காய்ந்த அப்பளம்போல் முறுக்கியிருந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு கவைக்கம்பிகளும் பின்னால் மடங்கி என்ஜினை முட்டிக்கொண்டிருந்தன. தொட்டியின் மூக்கு நசுங்கி, மெத்தை பிய்ந்து, இலவம்பஞ்சு புல்லெல்லாம் பறந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்ஜினின் அடிவயிற்றில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் யாரும் இல்லை. நல்லதம்பி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்திருந்தான். நர்ஸ் அம்மாளின் பையிலிருந்த சிவப்புச் சோப்பைப் பிசைந்து பிசைந்து விரிசலில் அப்பிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் பக்கத்தில் நின்று, "பாதியாச்சும் எனக்கு வைங்க நல்லதம்பி, நான் கை கழுவ வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மருதாயியைக் கண்டதும் நல்லதம்பி தலையை வெளியே நீட்டினான்.

"நல்லவேள வந்த. சோப்பு வச்சு எண்ணெயை நிறுத்திட்டேன். மாட்ட இங்கிட்டுத் திருப்பு. நாலு ஆளக் கூப்பிட்டு இத வண்டியில ஏத்திருவோம். ரோட்டுல கெடந்தா சாமானக் கழட்டிருவானுக."

"கால் எப்படி இருக்கு?"

"கால் கெடக்கு புள்ள. ஃபோர்க்குக் கம்பியப் பாரு, எப்படி மடங்கியிருக்கு பாரு!"

நர்ஸ் அம்மாள் குறுக்கே வந்தார். "மருதாயி, அங்க ஒரு பொண்ணு துடிச்சுக்கிட்டிருக்கா. அங்கிட்டுப் போற வண்டி ஒண்ணும் வரல. நடந்துபோகலாம்னுதான் கெளம்பினேன். என்னை அங்க கொண்டுபோய் விடுவியா?"

"அப்ப வண்டி?" என்றான் நல்லதம்பி.

மோட்டாரை ஊருக்கும் நர்சை இலுப்பூருக்கு அப்பாலும் ஒரே நேரத்தில் கொண்டுபோக முடியாது. மருதாயி யோசித்தாள். மோட்டாரை ஏற்றினால் புருஷனும் கூட வருவான். ஆனால் ஆள் தேடி ஏற்றி முடிக்கும்வரை அவனும் நர்சும் இதே மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. நர்சைக் கூட்டிக்கொண்டு போனால் இருவரும் பிரிவார்கள். ராக்காயி அவள் நினைவுக்கு வந்தது அதற்கு அப்புறம்தான்.

"ஏறுங்க நர்சம்மா" என்றாள்.

"ஏ மருதாயி!"

"நீங்க ஒங்க வண்டியோட இருங்க. அதத்தான கட்டிக்கிட்டீங்க."

காளைகள் ஓடின. கொஞ்ச தூரம் போனதும் மருதாயி திரும்பாமலே சொன்னாள்: "தொட்டியில மெத்த இருக்கும். இங்க வைக்கோலுதான்."

"அம்மாடி, இதுதான் தேவல. அதுல போயிட்டு வந்தா ராத்திரிக்குப் படுக்க முடியாது. எலும்பெல்லாம் ஆடிப்போகும்."

"என்ன பேசிக்கிட்டுப் போவீங்க?"

"அந்தச் சத்தத்துல என்னத்தப் பேசுறது? வண்டி நிக்கிறப்ப அவரு பேசுவாரு. பெட்ரோல் டாங்கி, செயினு, பிளக்கு. நான் தலைய ஆட்டுவேன்."

மருதாயி அதைப் பாதிதான் நம்பினாள். ஆனால் அந்தப் பாதிக்கே மாட்டுக்கயிற்றைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

ராக்காயியின் வீட்டில் பிள்ளை தலை மாறிக் காலால் இறங்கியிருந்தது. நர்ஸ் அம்மாள் வாசலில் நின்ற ஆண்களைப் பார்த்து, "தண்ணி காயட்டும். நீங்க அங்கிட்டுப் போங்க. கதவை மறைக்காதீங்க" என்றார். மீசை நரைத்த மனிதர்கள் எல்லாம் சொன்னபடி ஓடினார்கள். உதவிக்கு வந்த மருதாயி ராக்காயியின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிரகதாம்பாளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாத, தெரிந்த கைகள். வெகுநேரத்துக்குப் பிறகு, நீலம் பாரித்து வந்த ஆண் குழந்தை முதுகில் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு கத்தியது. ராக்காயியின் மாமியார் நர்ஸ் காலில் விழப் போனாள்.

நர்ஸ் தன் புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்ற பொறாமை அந்த இடத்தில் அற்றுப்போய், அதைவிடப் பெரிய பொறாமை ஒன்று மருதாயியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அந்தக் கைகள் எனக்கு இல்லையே என்பதுதான் அது.

பொழுது சாய்வதற்குள் பெரியண்ணனின் ஆட்களோடு திரும்பி வந்து மோட்டாரை வில்வண்டியில் ஏற்றினார்கள். நல்லதம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நர்ஸ் அம்மாளும் மருதாயியும் நடந்தார்கள்.

அப்புறம் வண்டியைச் சரிபண்ணும் பாடு தொடங்கியது. அன்னவாசல் கொல்லன் ஆண்டியப்பன் முன்கவையைக் கழற்றி உலையில் வைத்து, சூடேற்றி, தட்டித் தட்டி நிமிர்த்தினான். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வளையத்தைத் தரையில் போட்டு மிதித்து ஒரு வட்டத்துக்குக் கொண்டுவந்தான். சுற்றிவிட்டால் அது இன்னும் தலையாட்டியது. என்ஜின் விரிசலில்தான் அவன் கை வைக்க மறுத்தான்.

"இது இரும்பு இல்லீங்க. அடிச்சா பானை ஓடு மாதிரி போயிரும்."

புதுக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். திருச்சியில், ஒட்டவைக்கலாம் ஆனால் தாங்குமா தெரியாது, புது உறுப்பு சீமையிலிருந்துதான் வர வேண்டும், யுத்தத்தில் கப்பலை யார் கண்டது என்றார்கள். என்ஜினை அங்கேயே விட்டுவிட்டு நல்லதம்பி நொண்டிக்கொண்டு வந்தான். மீதி வண்டி கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது. கோழிகள் இடம் மாறின.

இதற்கிடையில் பிரசவ அழைப்புகள் நிற்கவில்லை. நர்ஸ் அம்மாள் மருதாயிக்கே சொல்லி அனுப்பினார். முதலில் வண்டி ஓட்டுவதோடு நின்றவள், பிறகு உள்ளே வந்து பாத்திரம் எடுத்துக் கொடுத்தாள். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்துப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். நர்ஸ் அம்மாள் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு ஏதாவது எடுக்கச் சொன்னால், அன்று முழுவதும் மருதாயி முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

வீட்டில் இப்போது நல்லதம்பி கேட்டான்: "இன்னைக்கு எங்க போனீக? நர்சம்மா என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாகளா?"

"கேக்கலையே."

"ஒரு வார்த்த கூடவா? அத்தன வருசம் தொட்டியில ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன்!"

"நாங்க பேசுறதுக்கே நேரம் பத்தல. இதுல ஒங்களப் பத்தி எங்க பேச?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், தின்னவில்லை. மருதாயிக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

அடுத்த வருஷம் என்ஜின் ஒட்டு போட்டு வந்தது. ஒட்டின் ஓரத்தில் வேர்வைபோல் எண்ணெய் கசிந்தது. கைப்பிடியை நேராகப் பிடித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. யுத்தத்தால் பெட்ரோலுக்கும் கூப்பன் முறை வந்துவிட்டது. இருந்தாலும் நல்லதம்பி அதைத் துடைத்து, நசுங்கிய மூக்குக்குப் பச்சை வர்ணம் அடித்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தான். பிரகதாம்பாள் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார், நன்றாயிருக்கிறது என்றார், வில்வண்டியில் ஏறிப் போனார். நல்லதம்பி அன்று சாயங்காலம் காளைகளுக்குத் தண்ணீர் காட்ட மறுத்துவிட்டான்.

யுத்தம் முடிவதற்கு முந்திய வருஷம் நர்ஸ் அம்மாளுக்குத் திருமயத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டியும் நின்றன. மோட்டாரில் போனால் புதுக்கோட்டைக்குச் சுருக்கப் போகலாம், பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நல்லதம்பி சொன்னது நியாயம்தான். பிரகதாம்பாள் இருவர் முகத்தையும் பார்த்தார். தகரப்பெட்டியைத் தொட்டியில் வைக்கச் சொன்னார். தான் வந்து மருதாயிக்குப் பின்னால் வைக்கோலில் உட்கார்ந்தார்.

வழி நெடுக நல்லதம்பி முன்னால் போய் நிற்பதும், வில்வண்டி வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்புவதுமாக இருந்தான். புதுக்கோட்டையில் பஸ் புறப்படும் இடத்தில் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, "போயிட்டு வாங்க நர்சம்மா" என்றான். பிரகதாம்பாள் ஜன்னல் வழியாக மருதாயியின் கையைப் பிடித்து, "நீ விடாம பாரு. ஒனக்குக் கை வந்திருச்சு" என்றார்.

பஸ் போன பிறகு இருவரும் அங்கேயே நின்றார்கள்.

"அங்க திருமயத்துல யாரு வண்டியில போவாகளோ" என்றான் நல்லதம்பி.

மருதாயியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத அந்த வண்டிக்காரன்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.