‘வேண்டாம்’ சொல்லிக்கொடுத்தவள்

மனோதத்துவம் படித்தவள் என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவர் ஒன்று உள்ளங்கையை நீட்டுவார், இல்லாவிட்டால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் நான் மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். எழுபதுகளில் மதுரையிலிருந்து தென்காசிக்கு ஒரு பெண்கள் கல்லூரியில் உளவியல் நடத்த வந்தேன். சில வருஷம் கழித்து, சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண்களுக்கும் ஒரு வகுப்பு தொடங்கினேன். ‘ஆளுமை வளர்ச்சி’ என்று பலகையில் எழுதினேன். ஊரில் அதற்குப் ‘பேச்சு கிளாஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரம்மாவின் கேள்வி

வாடகை வீட்டில் பெட்டியை இறக்கியதுமே வீட்டுக்காரம்மா கையை நீட்டினார். மகனுக்கு எப்போது மாற்றல் வரும் என்று தெரிய வேண்டுமாம். நான் ஜோசியம் பார்ப்பதில்லை, ஒருவர் ஏன் இப்படி நினைக்கிறார், ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராய்வதுதான் என் படிப்பு என்று பொறுமையாகச் சொன்னேன். கையை மடக்கிக்கொண்டார். “அதை எங்ககிட்ட கேட்டா நாங்களே சொல்லிருவோமே. இதுக்குப் போயி மதுரையில அஞ்சு வருசம் படிச்சியளா?”

பிடித்தது மூன்று

சனிக்கிழமை வகுப்புக்கு முதலில் வந்தவர்களில் பேச்சியம்மாள் ஒருத்தி. பீடி சுற்றுகிறவள், நாற்பது வயது இருக்கும். ‘எனக்குப் பிடித்தவை மூன்று’ என்று தலைப்புக் கொடுத்து ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னேன். பேச்சியம்மாள் எழுந்து, “எங்க வீட்டு அவியளுக்கு மீன்கொழம்பு, மூத்தவனுக்கு முறுக்கு, மாமியாருக்கு வெத்தல” என்று கடகடவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். “உனக்கு?” என்று கேட்டேன். “எனக்கா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டு ஒரு மனுஷியை விரட்டிவிட்டோமே என்று எனக்கு அந்த வாரம் முழுக்க உறுத்தல். அதற்கும் அடுத்த சனிக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன்பே வந்து என் மேஜை பக்கத்தில் நின்றாள். “டீச்சர், எனக்குச் சோறு சூடா இருந்தா பிடிக்கும் போல. செவ்வாக்கெழமதான் தெரிஞ்சுது. மத்த ரெண்டையும் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஐந்தருவிக்குப் போன கோமதி

வாரத்தில் ஒரு காரியமாவது தனியாக, தனக்காகச் செய்ய வேண்டும் என்பது நான் கொடுத்த வீட்டுப்பாடம். கோமதி என்பவர், ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவரின் மனைவி, சாரல் விழுந்த ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். திங்கட்கிழமை காலை அண்ணாச்சி நனைந்த குடையோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பதில்களை மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்து குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கோவிச்சுக்கிட்டுப் போனியான்னு கேட்டேன், இல்லங்கா. சாமிக்கு நேர்ச்சையான்னு கேட்டேன், அதும் இல்லங்கா. அருவிக்கடியில நின்னு என்னதான் நெனச்சேன்னு கேட்டா, ஒண்ணும் நெனக்கல, தண்ணி விழுந்துச்சுன்னு சொல்லுதா.” இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்த முகம். கோபம் துளியும் இல்லை. “ஒரு மனுசி ஒண்ணுமே நெனக்காம இருக்க முடியுமா மேடம்? உங்க பாடத்துல அதுக்கு என்ன பேரு?”

என் மாணவி செண்பகவல்லி

செண்பகவல்லி கல்லூரியில் என்னிடம் படித்தவர்களிலேயே கெட்டிக்காரி. அப்பாவுக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி. அவள் கடைசி வருஷம் படிக்கும்போது அவருக்குக் கை கால் விழுந்துவிட்டது. சித்தப்பா மண்டியைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, இவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். அவள் என் அறைக்கு வந்து அழுதாள். நான் ‘வேண்டாம்’ சொல்லப் பழக்கினேன். முகத்தைப் பார்க்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, ஒரு காரணத்துக்கு மேல் சொல்லக் கூடாது. ஒத்திகையில் நான்தான் சித்தப்பா. முதல் நாள் சித்தப்பாவைப் பார்த்ததுமே விசும்பினாள். நாலாவது வாரம் சித்தப்பாவுக்கே பயம் வந்துவிட்டது.

நிஜச் சித்தப்பாவிடமும் சொன்னாள். அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எம்.ஏ. விண்ணப்பத்தை முன்பே வாங்கி, பாதி நிரப்பியும் வைத்திருந்தேன். அதை அவளிடம் நீட்டினேன். என் முகத்தை நேராகப் பார்த்து, “வேண்டாம் மேடம். எங்க மண்டியில நான் உக்காரப் போறேன்” என்றாள். குரல் உயரவில்லை. ஒரே காரணம். நான்தான் கத்தினேன். அறிவை வீணாக்குகிறாய் என்றேன், ஆம்பளைங்க இடம் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை.

ஒரு நாள் பஸ் மாறப் பாவூர்சத்திரத்தில் இறங்கியபோது மனசு கேட்கவில்லை, மண்டிக்குள் போனேன். கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கேரளா வியாபாரி ஒருவரிடம் மலையாளத்தில் விலை பேசிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் கட்டிலில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். அன்றைக்கு நான் பேசியது தப்புதான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் சிரித்தாள். “எங்க சித்தப்பாவாவது ரெண்டு தடவ கேட்டுட்டு விட்டுட்டாவ. நீங்கதான் மேடம் ஆறு காரணம் சொன்னிய.”

பெண்களை எல்லாம் நான்தான் வளர்த்துவிட்டேன் என்று தென்காசியில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது, இதுவரை நான் அதை மறுத்ததில்லை.