கஞ்சி காயாத பாவும் எட்டாம் வகுப்புப் பரீட்சையும்

மேனேஜர் ஐயா, எங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் பொய் சொன்னீர்கள். பரீட்சை வேறு ஊருக்கு மாறியிருக்கிறது என்று தெரிந்தும், ரத்து என்று சொல்லி எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். யாரோ சொல்லிக் காதில் விழுந்ததை நான் எழுதவில்லை. நானே கூட இருந்து பார்த்ததை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் நயம் எதிர்பார்க்கிறவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். நெசவுத் தெரு. யுத்த காலம். நூலுக்கு ரேஷன் கார்டு, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கார்டு, பெட்ரோல் இல்லாமல் பஸ்கூடக் கரிப் புகையில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகளுக்குப் பதினான்கு வயது. எட்டாவது சர்க்கார் பரீட்சை எழுத வேண்டும். பாஸானால் சேலத்தில் வாத்தியார் டிரெயினிங் பள்ளியில் சேரலாம். இல்லையென்றால் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, என் கூடப் பிறந்த தம்பி. அவனுக்கு அப்போது முப்பது வயது. முறை மாப்பிள்ளை என்று பெண் பிறந்த அன்றே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், என்னைத் தவிர.

என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர். என்னிடமும் சரி என்றார், என் தம்பியிடமும் சரி என்றார். கடைசியில் பங்காளிகளை வைத்துப் பேசி ஒரு வார்த்தை முடித்தார்கள். பரீட்சை எழுதட்டும். பாஸானால் படிப்பு, பெயிலானால் தாலி. அதனால் அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் பூகோளமும் கணக்கும்தான் பேச்சு. என் மகள் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே ஆறுகளின் பேரை ஒப்பிப்பாள். தப்பாகச் சொன்னாளா, சரியாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. நிறுத்தினால் மட்டும் அதட்டுவேன்.

திங்கட்கிழமை பரீட்சை. விடியலில் ஏழு பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, பெற்றவர்கள் எல்லோரும் கூடவே போனோம். அன்றைக்குத் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவில் பூட்டு. வாசலில் சுண்ணாம்புத் தூள். நாலு எலி செத்துக் கிடந்ததாம். பிளேக் என்று வியாழக்கிழமையே சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பூட்டிவிட்டுப் போய்விட்டாராம். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் படியில் நின்றீர்கள். பள்ளிக்கூடமே உங்களுடையது, அதனால்தான் உங்களை மேனேஜர் என்போம். "பரீட்சை ரத்து. இனி அடுத்த வருஷந்தான். ஹால் டிக்கெட்டை எல்லாம் கொடுத்துட்டுப் போங்க, சர்க்காருக்குத் திருப்பி அனுப்பணும்" என்றீர்கள். நாங்கள் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. மேனேஜர் சொன்னால் சர்க்கார் சொன்ன மாதிரி. வரிசையில் நின்று கொடுத்தோம். நானே என் மகள் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே கடிக்க வேண்டும் போலிருக்கிறது.

தெருவுக்குத் திரும்பினதும் ஒரே கூத்து. எதிர்வீட்டுக்காரர் தன் மகனை வாசலிலேயே போட்டு அடித்தார். "நீதாண்டா எலியைக் கொன்னு போட்டிருப்பே! பரீட்சைன்னா உனக்குக் காய்ச்சல் வரும், இப்ப எலிக்குக் காய்ச்சல் வந்துருச்சா?" பையன் "நான் இல்லீங்கப்பா, நான் இல்லீங்கப்பா" என்று தெருவைச் சுற்றி ஓடினான். இன்னொரு வீட்டு அம்மா பரீட்சை நின்ற சந்தோஷத்தில் தேங்காய் உடைத்தாள். மகன் பாஸானால் டவுனுக்குப் போய்விடுவான் என்று அந்தம்மாவுக்குப் பயம். என் மகளோடு படித்த அடுத்த வீட்டுப் பெண்ணை மட்டும் வெளியே காணோம். அவள் அப்பா உள்ளே உட்கார்ந்து தம்மம்பட்டிக்குக் கடுதாசி எழுதிக்கொண்டிருந்தார். அங்கே அவளுக்கு ஒரு வரன் காத்திருந்தது. கடுதாசி போய்ச் சேரும்வரைகூட அவருக்குப் பொறுமை இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி கட்டி அவளையே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கள் சாயங்காலமே என் தம்பி வந்துவிட்டான். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ.

"என்னடா இது?" என்றேன்.

"பரீட்சையே இல்லையாமா, அக்கா. பரீட்சை இல்லாம பாஸ் எங்கிருந்து வரும்?"

"பரீட்சை இல்லாம பெயில் எங்கிருந்துடா வரும்? தட்டை எடுத்துட்டுப் போ."

"மாமா, நீங்க சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் வெற்றிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேர் சொல்றதுமே நாயந்தான்" என்றார்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒரு நாளைக்காவது ஒரு பக்கமா நிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். மகள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூவை எடுத்து நான் மாட்டுக்குப் போட்டேன். தட்டு மட்டும் வீட்டிலேயே இருந்தது. தம்பியும் இருந்தான். புதன்கிழமை பாவு போடப் போகிறோம், ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அவனை நிறுத்திக்கொண்டார்.

பாவு போடுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றும் நீள நூல் எல்லாவற்றையும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, புருசு என்கிற ஆள் நீள நார்த் தூரிகையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தேய்த்தபடியே ஓட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் காய்ந்தாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் நூலெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கயிறாகிவிடும். கார்டு நூல் அது. போனால் மறுபடி கிடைக்காது. பரீட்சை இல்லையென்று ஆனதும் தெரு முழுக்கச் சும்மா இருக்கும் கைகள் கிடைத்துவிட்டன. அதனால் புதன்கிழமைக்கு ஒன்றுக்கு மூன்று பாவாகக் கட்டிவிட்டார்கள். நெசவாளிக்கு ஆள் கிடைத்தால் மூளை வேலை செய்யாது.

புதன்கிழமை விடியலில் கஞ்சி பூசி ஆகிவிட்டது. நான் ரோட்டோரக் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனேன். சேலம் பஸ் அங்கேதான் நிற்கும். வண்டிக்குப் பின்னால் இருக்கிற அடுப்பில் கரி பற்ற ஒரு மணி நேரம் ஆகும். டிரைவர் பல் விளக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுப் புள்ள பரீட்சைக்குப் போகலீங்களா?"

"அதான் ரத்தாயிடுச்சே."

"ரத்தா? மேனேஜர் நேத்து மகளைக் கூட்டிட்டு நம்ம வண்டியிலதானே சேலம் போனாரு. பிளேக் வந்த ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் இன்னைக்கு அஸ்தம்பட்டியில பரீட்சைன்னு அந்தப் புள்ள வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்துச்சு. பத்தரை மணிக்காம்."

குடம் என் இடுப்பிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. "வண்டியை எடுத்துராதீங்க சாமி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

தெருவில் மூன்று பாவும் ஈரமாக நின்றன. என் மகள் ஒரு புருசின் இந்தப் பக்கம், என் தம்பி அந்தப் பக்கம். "பரீட்சை இருக்குது! சேலத்துல! இன்னைக்கு! பஸ்ஸு நிக்குது, உடுங்கடி, உடுங்கடா!" என்று கூவினேன். பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பெரியவர்கள், "நிக்காதீங்க, தேய்ங்க, தேய்ங்க!" என்று கத்தினார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு டிரைவர் சொன்னதை மறுபடி சொன்னேன்.

"கஞ்சி போட்டாச்சு புள்ள," என்றார் என் வீட்டுக்காரர். "ஆறு பேரும் போயிட்டா மூணு பாவை யார் ஓட்டறது? நூலு போச்சுன்னா ஆறு மாசம் சோறு இல்லை."

"நாங்க ஓட்டறோம்" என்றாள் தேங்காய் உடைத்த அதே அம்மா. எனக்கே நம்ப முடியவில்லை. எங்கள் தெருவில் கல்யாணமான பெண்கள் தெருப்பாவில் புருசு பிடிக்கக் கூடாது. பிடித்தால் பாவு அறும் என்பார்கள். பெரியவர் ஒருவர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"அறுந்தா முடிஞ்சுக்கலாம். வருஷம் போனா முடிஞ்சுக்க முடியுமா?" என்று அந்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புருசைப் பிடித்தாள். பின்னாலேயே நாலைந்து பேர். என் மகள் மட்டும் புருசை விடவில்லை. அவள் விட்டால் அந்தப் பக்கம் பிடித்திருக்கும் தாய்மாமன் என்ன செய்வானோ என்று பயந்தாள்.

எல்லோரும் என் தம்பியைப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு என்னையே பார்க்கறீங்க? போகட்டும். யார் வேண்டாம்னா? ஆனா அக்கா, பெயிலானா பேச்சு மாறக் கூடாது." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாமா, அந்தப் பக்கம் புடிங்க, காயுது!" என்று அதட்டினான். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றார்.

நானும் எதிர்வீட்டுக்காரரும் ஆறு பிள்ளைகளும் பஸ்ஸில் ஏறினோம். கையெல்லாம் கஞ்சி. மல்லூர் மேட்டில் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எதிர்வீட்டுக்காரர் தள்ளிக்கொண்டே மகனிடம் கணக்குக் கேட்டார். "பதினேழு எட்டு எவ்வளவுடா? தள்ளுடா! சொல்லுடா!" பையன் தள்ளவா சொல்லவா என்று தெரியாமல் இரண்டையும் விட்டான். பஸ்ஸில் இருந்த சந்தைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, "நூத்தி முப்பத்தாறு!" என்று கத்தினார்கள். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது.

சேலத்துக்குள் நுழைகிற இடத்தில் மறித்தார்கள். பிளேக் ஊரிலிருந்து வந்தால் ஊசி போட்டுக்கொண்டுதான் உள்ளே போகலாம். கம்பவுண்டர் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டு சாவகாசமாக நின்றார். போட்டால் கை வீங்கும். நான் பிள்ளைகளுக்கு முன்னால் போய் மறித்துக்கொண்டேன்.

"எழுதற கையை உட்டுடுங்க சாமி! இடது கையில போடுங்க!"

"எல்லாருக்கும் வலது கைதாம்மா போடறது."

"எனக்கு ரெண்டு கையிலயும் போடுங்க. பிள்ளைங்களுக்கு இடது கையில போடுங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆறு பேருக்கும் இடது கையில் போட்டார். எதிர்வீட்டுக்காரர் மகன் மட்டும் இடது கையால் எழுதுகிறவன். அதை அவன் ஊசி ஏறின பிறகுதான் சொன்னான். மறுபடியும் அடி வாங்கினான்.

இரண்டு ஜட்கா வண்டி பிடித்து அஸ்தம்பட்டி போய்ச் சேர்ந்தபோது முதல் மணி அடித்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள், மேனேஜர் ஐயா. மடியில் டிபன் கேரியர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. நான் உங்களோடு சண்டை போட நிற்கவில்லை. நேரமில்லை.

பரீட்சை நடத்துகிற அதிகாரி, "ஹால் டிக்கெட் எங்கே?" என்றார்.

"எங்க மேனேஜர் வாங்கி வச்சுக்கிட்டாருங்க. ரத்துன்னு சொன்னாருங்க."

"ரத்தா? பரீட்சை இங்கே மாறியிருக்குன்னு சனிக்கிழமையே அவருக்குக் கடிதம் போயிருக்கே!" என்றார் அவர். நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். மரத்தடி காலி.

டிக்கெட் இல்லாமல் இவர்கள்தான் அந்தப் பிள்ளைகள் என்று எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். உங்கள் மகள். "எனக்குத் தெரியும் சார். இவ என் பெஞ்சு. இவங்க அஞ்சு பேரும் என் கிளாஸ்" என்று ஒவ்வொருவர் பேராகச் சொன்னாள். என் மகள் தன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். அதிகாரி பட்டியலில் பார்த்துச் சரி என்றார். ஆறு பேரும் உள்ளே போனார்கள். இரண்டாவது மணி அடித்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுதேனா சிரித்தேனா என்று எதிர்வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

என் மகள் பாஸானாள். டிரெயினிங் முடித்து இப்போது இருபது வருஷமாக டீச்சர். தம்பி அந்த வருஷமே திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் எடுத்துக்கொண்டான். பாவில் இரண்டு இடத்தில் மட்டும் நூல் அறுந்தது. அதுவும் என் வீட்டுக்காரர் பிடித்த பக்கம்.

இத்தனை வருஷம் நான் பேசவில்லை. பேச வைத்தது நீங்கள்தான். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நீங்கள் அச்சடித்த மலரைப் பார்த்தேன். "பிளேக் காலத்திலும் மாணவர்களை என் சொந்தப் பொறுப்பில் சேலம் அழைத்துச் சென்று பரீட்சை எழுத வைத்தேன்" என்று போட்டிருக்கிறீர்கள். யாரை ஐயா அழைத்துச் சென்றீர்கள்? உங்கள் மகளை. அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் வாயைத் திறந்ததால்தான் எங்கள் பிள்ளைகள் உள்ளே போனார்கள்.

தம்மம்பட்டிக்குக் கூட்டிப்போன அந்தப் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகிவிட்டது. என் மகளைவிட நன்றாகப் படிக்கிறவள் என்று வாத்தியாரே சொல்வார். செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய வண்டி தெருமுனையைத் தாண்டினபோது கடிதம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அது உங்கள் வீட்டில் இருந்தது. போன மாதம் அவளைப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள். "அன்னைக்கு நெசமாவே பரீட்சை நடந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.

ஆண்டு விழாவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன் வரிசையில் உட்காருவோம். மலரைப் படித்துக்காட்டி முடித்ததும், அதே மைக்கில், ஊர் முன்னால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: சனிக்கிழமை வந்த கடிதத்தை ஏன் மறைத்தீர்கள்?