சாக்கு முகமூடி

என் கணவர் முகமூடிக்காரரின் மண்டையை உடைத்தது ஒரு கோடைக்காலச் சனிக்கிழமை மத்தியானம். கனடாவில், ஸ்காபரோவில், தளபாடக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவிலிருந்த ஒரு கூடத்தில். நான் பக்கத்தில், கையில் சோக்குக் கட்டியோடு நின்றேன்.

முகமூடிக்காரர் எங்கள் மாடிக் கட்டடத்திலேயே குடியிருந்தார். ட்ரினிடாட்டில் பிறந்தவர், அறுபது தாண்டியவர். ஒவ்வொரு கோடையிலும் கரீபியன் காணிவல் ஊர்வலத்துக்காக அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பேய் முகமூடிகள் செய்வார். நான் வேலை செய்த தையல் ஃபக்டரியை மூடிவிட்டார்கள். லிஃப்டில் கண்டபோது, தைக்கத் தெரிந்தால் வா என்று கூட்டிப்போனார்.

அங்கே முதலில் களிமண்ணில் ஒரு கோர முகத்தைப் பிடிப்பார்கள். அதன்மேல் வசலின் பூசி, பழைய பேப்பர்த் துண்டுகளை மாப்பசையில் தோய்த்துப் படை படையாக ஒட்டுவார்கள். காய்ந்ததும் கழற்றினால், களிமண்ணிலிருந்த ஆத்திரம் அப்படியே பேப்பரில் இறங்கியிருக்கும். சில பேய்களுக்குப் பேப்பர் முகமே இல்லை. வெறும் சாக்கு, இரண்டு கண் ஓட்டை, உச்சியில் கம்பிக் கொம்பு. அதுதான் பழைய முறை என்பார். சாக்கு தைப்பது என் வேலை.

அவருடைய ஊரில், கரும்புத் தோட்டத்து எசமான்கள் முகமூடி போட்டு விருந்தில் ஆடுவார்களாம். அடிமைகளுக்கு அங்கே இடமில்லை. விடுதலை கிடைத்த பிறகு அவர்கள் தெருவில் இறங்கினார்கள். உடம்பெல்லாம் கரும்புப் பாகும் கரியும் பூசி, சங்கிலியை இழுத்துக்கொண்டு, தங்களை அடித்த கங்காணியின் சவுக்கைத் தாங்களே கையில் எடுத்துப் பேயாக ஆடினார்கள். பொலிஸ் வந்து அடித்தது. இவர்களும் தடியோடு நின்று திருப்பி அடித்தார்கள். முகமூடி என்றால் இரத்தம் பார்த்த சாமான் என்று அவர் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை, நான் தைத்து முடித்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். கொம்பு வர வேண்டிய இடத்தை நான் சோக்கால் குறித்தேன். சாக்கு நழுவுகிறதா என்று பார்க்கத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அந்த நேரம் பார்த்து என் கணவர் எனக்குச் சோற்றுப் பார்சலோடு கதவைத் திறந்தார்.

பார்சல் விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. திரும்பும்போது சுவரில் சாத்தியிருந்த பேய்த்தடி அவர் கையில் இருந்தது. முதல் அடி காதோடு விழுந்தது. இரண்டாவது உச்சியில். முகமூடிக்காரர் மேசையோடு சரிந்தார். களிமண் முகங்கள் நிலத்தில் விழுந்து நொறுங்கின. என் கணவர் அவருடைய நெஞ்சில் முழங்காலை ஊன்றி, சாக்கோடு சேர்த்துக் கழுத்தை நெரித்தார்.

"ஆட்டு. இப்ப ஆட்டடா தலையை, பாப்பம்."

சாக்கில் இரத்தம் ஊறிப் பரவியது. நான் பின்னாலிருந்து என் கணவரின் சேட்டைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். பல் உதட்டுக்குள் இறங்கியது. கூடத்தின் மறுபக்கம் கொம்புக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்துதான் அவரைப் பிரித்தார்கள். சாக்கைக் கழற்றினோம். நரைத்த தாடியோடு, கண் மேலே செருகிப்போன ஒரு கறுப்பு முகம். என் கணவர் அதைப் பார்த்தார். பிறகு நிலத்தில் சம்மணம் போட்டு இருந்துவிட்டார். பொலிஸ் வந்து விலங்கு போடும்வரை எழும்பவில்லை.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பில் தன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும்தான் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். மிச்சத்தைப் பிணையில் வந்த பிறகு சொன்னார். பள்ளிக்கூட வளவில் ஆம்பிளைகளை வரிசையாக விட்டார்கள். ஜீப்பில், தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருந்தான்: சாக்கு மூடிய தலை, இரண்டு ஓட்டை, உள்ளே கண். தம்பி முன்னால் போனான், தலை ஆடியது. அடுத்து இவர் போனார், ஆடவில்லை. மதில் பக்கம் துவக்குப் பிடியால் தம்பியின் வாயில் இடித்தபோது பல்லெல்லாம் மணலில் விழுந்ததை இவர் கண்டார். தம்பி திரும்பி வரவேயில்லை.

உதடு ஆறிய பிறகு நான் முகமூடிக்காரரைப் பார்க்கப் போனேன். தலையில் தையல். இடது காது கேட்கவில்லை, இனியும் கேட்காது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். வலது காதுப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைத் தையலை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும். நீ எனக்கு இன்னொரு சாக்குத் தை."

சாக்கு வேண்டாம், கறுப்புப் பருத்தியில் தைக்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சீனிச் சாக்குச் சுமந்தவர்களின் பேய் அது, பருத்தியில் ஆடாது என்றார். இரண்டு பேரும் சத்தம் போட்டோம். கடைசியில் சாக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒளித்துத் தைக்க எனக்கு மனமில்லை. குசினி மேசையில் விரித்தேன். என் கணவர் வந்து நின்று பார்த்தார். எடுத்துக் கிழிப்பார் என்று நினைத்துக் கத்தரிக்கோலைக் கைக்குள் இறுக்கினேன்.

"தையும்," என்றார். "ஆனா வாய்க்கும் ஒரு ஓட்டை வெட்டும். அந்தத் தலையாட்டியளுக்கு வாய் இல்லை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை, தலையை மட்டும்தான் ஆட்டினவங்கள்."

அகலமாக ஒரு வாய் வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த கோடையில், காணிவல் அன்று என் கணவர் வரவில்லை. ஒஷாவாவில் ஓவர்டைம் இருக்கிறது என்று போய்விட்டார். வழக்கு அதற்குள் முடிந்திருந்தது; சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பும் கவுன்சிலிங்கும் என்று தீர்ப்பு. கவுன்சிலிங்கில் என்ன கதைக்கிறார் என்று நான் கேட்பதில்லை. அவரும் முகமூடிக்காரரும் அதன்பிறகு நேருக்கு நேர் சந்திக்கவில்லை.

நான் ரோட்டோரக் கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றேன். நீலச் சாயம் பூசிய பேய்கள் தகர டின்களை அடித்துக்கொண்டு வந்தன. அவற்றின் நடுவில் முகமூடிக்காரர், உடம்பெல்லாம் நீலம் வழிய, சங்கிலி இடுப்பில் கிடக்க, தார்ரோட்டில் சவுக்கைச் சொடுக்கினார். முன்வரிசையிலிருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு தாய்மாரின் பின்னால் ஒளிந்தார்கள். சாக்கின் வாயால் சிவந்த நாக்கை நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினார். நான் வேலியிலிருந்து ஓரடி பின்வாங்கினேன். ஆனாலும் கண்ணை மூடவில்லை.