நாத்தனார் ஒட்டிய பாட்டு

நாத்தனார் என்றால் அண்ணிமாருக்கு ஆயிரம் குறை இருக்கும். எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரரின் தங்கை எந்தப் பாட்டையும் கடைசிவரை கேட்கவிட மாட்டாள். நாம் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ இன்னொரு பாட்டு நைசாக உள்ளே நுழையும். முதல் பாட்டு எப்போது போனது, இது எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் பந்தி மாறுவதுகூட அவ்வளவு சுத்தமாக நடக்காது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவர்கள் காலை நீட்டிப் படுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இவள் முகத்தைக் கழுவி, டீ டம்ளரோடு மாடி அறைக்கு ஏறிவிடுவாள். என் மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது. டிஜேக்கள் பாட்டு கலக்கும் மென்பொருளை அதில் ஏற்றியவன் அவன்தான். ஆசை தீர்ந்ததும் அவன் மறந்துவிட்டான். அத்தைக்காரி பிடித்துக்கொண்டாள்.

திரையில் இரண்டு தட்டுகள் சுற்றும். இதில் ஒரு பாட்டு, அதில் ஒரு பாட்டு. நடுவில் ஒரு சின்னக் கட்டை. அதை இந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பாட்டு, அந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பாட்டு, நடுவில் நிறுத்தினால் இரண்டும். வரப்போகிற பாட்டை அவள் மட்டும் ஹெட்ஃபோனில் முன்கூட்டியே கேட்பாள். இரண்டின் தாளமும் ஒன்றாக விழும்வரை காத்திருந்து கட்டையைத் தள்ளுவாள். இப்போது சொல்லச் சுலபமாக இருக்கிறது. ஆரம்பத்தில் பாத்திரக் கூடை மாடிப்படியில் உருளுகிற சத்தம்தான் வந்தது.

"கம்ப்யூட்டர் பழசு அண்ணி, அதான் இப்படி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவள் சிரித்தாளே தவிர விடவில்லை. தாளத்தைத் தானாகவே சேர்த்துவைக்க அதில் ஒரு பொத்தான் உண்டாம். அதைத் தொட மாட்டாள். "அது மெதுவா போற பாட்டை சில சமயம் ரெண்டு மடங்கா எண்ணிடுது அண்ணி. நம்ம காதே மேல்" என்பாள். தோசைக்கல் முன்னால் நின்றாலும் தலை ஒரு தாளத்துக்கும் கால் இன்னொரு தாளத்துக்கும் ஆடும். பார்க்கிறவர்கள் பயந்துவிடக்கூடாதே என்று நான் ஜன்னலைச் சாத்துவேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. காலமெல்லாம் லாரி ஓட்டித் தேய்ந்த முட்டி. புது மூட்டு வைத்தார்கள். வைத்தது நன்றாகத்தான் இருந்தது. மடங்கத்தான் இல்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை வரும்போது நல்லா மடங்கணும். இல்லேன்னா மயக்க மருந்து குடுத்து நாங்களே மடக்க வேண்டியிருக்கும்."

அங்கே சிரித்துச் சமாளித்த மனிதர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுபடி அந்த மயக்கம், அந்த வலி, அந்த வெள்ளைக் கட்டில். எனக்கும் நினைக்கவே பிடிக்கவில்லை.

பயிற்சி ஒன்றும் பிரமாதம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு, காலை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பாட்டு இருந்தால் செய்வேன் என்றார். போட்டேன். பாட்டு முடிந்ததும் காலை நீட்டிவிட்டார்.

"பாட்டு முடிஞ்சுது. நானும் முடிச்சுட்டேன்."

அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் பேப்பர் வேண்டும், தண்ணீர் வேண்டும், முதுகு அரிக்கும். கெஞ்சினால் நாலு இழுப்பு இழுப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பினால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில்.

நாத்தனார் ஒரு வாரம் பார்த்தாள். ஒரு நாள் மாடி ஜன்னல் வழியாக வயரை இறக்கி, கூடத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்தாள். அண்ணனுக்குப் பிடித்த பழைய பாட்டுகளையெல்லாம் தாளம் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தாள். அவர் முதல் பாட்டுக்குக் காலை இழுக்கத் தொடங்கினார். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார். அது முடியவில்லை, அடுத்ததாக மாறிவிட்டது. அடுத்தது முடியட்டும் என்றிருந்தார். அதுவும் கைகொடுக்கவில்லை.

"என்ன இது, பாட்டு நிக்கவே மாட்டேங்குது?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க தங்கச்சியைக் கேளுங்க."

அவளைக் கேட்க மாடிக்குப் போக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் படியில் கால் வைத்ததே இல்லை. வாசற்படிக்குக்கூட ஊன்றுகோல். முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார். அன்றைக்கு நான் சமையலை முடித்துவிட்டு வந்தும் இழுத்துக்கொண்டிருந்தார்.

அதோடு அவள் விட்டிருந்தால் அவள் என் நாத்தனார் இல்லை. ஒருநாள் அடுப்படிக்கு வந்து ரகசியமாகச் சொன்னாள்: "தினமும் வேகத்தை ஒரு துளி கூட்டிட்டு வரேன் அண்ணி. அண்ணனுக்குத் தெரியல."

"பாட்டு கீச்சுன்னு கேக்காதா?"

"அதுக்கு ஒரு பூட்டு இருக்கு. அதைப் போட்டுட்டா வேகம் மட்டும் கூடும், குரல் மாறாது."

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"கேட்டு, வேணாம்னு சொல்லிட்டா?"

எனக்குத் திக்கென்றது. ஆனாலும் தடுக்கவில்லை. துணி முன்னைவிடப் பின்னால் போவதை நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

டாக்டரிடம் போக வேண்டிய நாள் நெருங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நாத்தனார் அறையில் ஹெட்ஃபோனில் அடுத்த பாட்டைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். அந்த மென்பொருளின் புதுப் பதிப்பை அன்றுதான் ஏற்றியிருந்தாள். அதில் பூட்டு திறந்தே இருந்தது, அவள் கவனிக்கவில்லை. வேகம் கூடியது, கூடவே குரலும் மேலே ஏறியது. கம்பீரமாகப் பாடுகிற பாடகர், வாலை மிதித்த பூனை மாதிரி பாட ஆரம்பித்தார்.

கீழேயிருந்து என் வீட்டுக்காரர் கத்தியது எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டு வந்து படியை எட்டிப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே நின்றேன். ஊன்றுகோல் இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாறி மாறிக் கால் வைத்து, திட்டிக்கொண்டே அவர் ஏறி வந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் பயந்து விழுந்துவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நேராக அறைக்குள் போனார். "என்ன பண்ணி வெச்சிருக்கே அந்தக் குரலை? லாரியில இவரைக் கேட்டுக்கிட்டேதான் நான் பாதி உலகம் சுத்தினேன். மனுஷனோட தொண்டையை நெரிச்சு வெச்சிருக்கே."

நாத்தனார் திரும்பினாள். வாசலில் அண்ணன். பின்னால் நான். அவள் முகம் வெளுத்தது. ஆனால் கெட்டிக்காரி. படியைப் பற்றியோ காலைப் பற்றியோ மூச்சு விடவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி, பக்கத்திலிருந்த குட்டை முக்காலியை நகர்த்தினாள்.

"எந்த இடத்துல அண்ணா? உக்காந்து காட்டு."

அவர் உட்கார்ந்தார். அந்த முக்காலியில் உட்கார்ந்தால் என் முட்டியே முனகும். அவர் முட்டி மடங்கியது. விரலை நீட்டி, "இங்க, இங்கதான்" என்று திரையைக் குத்தினார். அவள் பூட்டைப் போட்டாள். குரல் பழையபடி கனத்து இறங்கியது. "ம், இதுதான் மனுஷன் குரல்" என்றார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை, மொட்டைமாடிக்கே போய் ஈரத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் இறங்க நேரம் பிடித்தது. முன்னால் நான், பின்னால் அவள். அதற்குப் பிறகு தினமும் ஏறினார். அடுத்தது எந்தப் பாட்டு என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே சண்டை. வீடு கலகலவென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை மடக்கி, அளவுகோலை வைத்துப் பார்த்தார். "மயக்க மருந்தெல்லாம் வேணாம். நல்லாவே மடங்குது. வீட்டுல என்ன பண்ணீங்க?"

"பாட்டு கேட்டேன்" என்றார் இவர்.

வெளியே வந்ததும், கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்த நாத்தனார் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பார்த்தார்கள்.

"உன்னை ஏமாத்திட்டேன் அண்ணா. தினமும் பாட்டோட வேகத்தைக் கூட்டிட்டே வந்தேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உன் காலுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அவர் மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல் நாளே தெரியும். லாரி ஓட்டினவனுக்கு வேகம் கூடறது தெரியாதா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நானும்தான்.

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துபோய்க் குறைச்சிடுவே" என்றார்.