சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய குளிசை

இது நடந்தது போன கந்தசஷ்டிக்கு முந்தின கந்தசஷ்டியில. வெள்ளவத்தையில, கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, மூண்டாம் மாடி பிளாட் ஒண்டில நானும் என்ர அக்காவும் இருக்கிறம். அக்கா கணக்கு ரீச்சரா இருந்து பென்சன் எடுத்தவ. கலியாணம் செய்யேல்ல. என்ர மனுசன் செத்த பிறகு நான் அவவோட வந்து ஒட்டிக்கொண்டனான். விடிய எழும்பினால் சண்டை, பின்னேரம் பிளேன்ரீயோட ராசி. அப்பிடித்தான் எங்கட சீவியம் போனது.

அந்த வருசம் முதலில படுத்தது நான்தான். மார்பில கட்டி, ஒப்பரேசன், பிறகு மருந்து ஏத்தினது. தலைமயிர் எல்லாம் கொட்டி, கண்ணாடியைத் துணியால மூடி வச்சிருந்த காலம். அக்காதான் சமைச்சு, துவைச்சு, என்னைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவ. அந்த அலைச்சலுக்குள்ளதான் அவவுக்கும் ஒரு படபடப்புத் தொடங்கினது. மார்க்கெட்டில மரக்கறி தெரிஞ்செடுக்கேக்க நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாவாம். படி ஏறினால் மூச்சு வாங்கும். எங்கட ஆக்களுக்கு நெஞ்சுக்குள்ள என்ன வந்தாலும் ஒரே பேர்தானே, காஸ். இஞ்சி அவிச்சுக் குடிச்சா, ஓமத்தண்ணி குடிச்சா. நானும் சரி எண்டு விட்டிட்டன்.

ஒரு நாள் கதிரையில இருந்தவவின்ர கையைச் சும்மா பிடிச்சுப் பாத்தன். நாடி ஓடுது, நிக்குது, பிறகு ரெண்டு மூண்டு சேந்து அடிக்குது, திருப்பியும் காணேல்ல. ஒரு ஒழுங்குமில்லை. அவ மாட்டன் மாட்டன் எண்டு நிக்க, இழுத்துக்கொண்டு டொக்டரிட்டப் போனன்.

ஈ.சி.ஜி. எடுத்தவை. டொக்டர் நல்ல பொறுமையான மனுசன். படம் கீறிக் காட்டினவர். இதயத்தின்ர மேல் அறை ஒழுங்கா சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டு இருக்குது, அதால இரத்தம் அதுக்குள்ள தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம், ஒரு பக்கம் வழங்காமல் போயிடும் எண்டு விளங்கப்படுத்தினார். ஒண்டு ரெண்டு துடிப்புத் தவறுறது கனபேருக்கு வரும், அது பெரும்பாலும் பயமில்லை, ஆனா இப்பிடி ஒரு தாளமுமில்லாமல் அடிக்கிறதை விடக்கூடாது எண்டார். துடிப்பைக் குறைக்க ஒரு குளிசை, இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு குளிசை, ரெண்டும் சாப்பாட்டுக்குப் பிறகு. எழும்பேக்க அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டா, இது ஹார்ட் அட்டாக்கோ எண்டு. இல்லை எண்டார் டொக்டர். அக்காவின்ர முகம் தெளிஞ்சு போச்சு. அவர் சொன்ன மிச்சம் எல்லாம் அந்த ஒரு சொல்லோட அவவின்ர காதில விழாமல் போட்டுது எண்டு எனக்கு அப்ப தெரியாது.

ஐப்பசி மாசம் சஷ்டி வந்தது. அக்கா எனக்காக நேர்த்தி வச்சிட்டா. ஆறு நாளும் மிளகும் தண்ணியும் மட்டும். எனக்கு விசர் வந்திட்டுது. உங்களுக்கு நெஞ்சு சரியில்லை, இந்த வயசில இதெல்லாம் தேவையோ, உங்களை விரதம் இருக்கச் சொல்லி நான் கேட்டனானோ எண்டு கத்தினன். அவ சாமித்தட்டைத் துடைச்சுக்கொண்டே நிண்டா. கடைசியில, குளிசையையாவது ஒழுங்காப் போடுவீங்களோ எண்டு கேட்டன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்” எண்டா.

இவ்வளவு காலம் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவ. இதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது? நான் திருப்பி வேலைக்குப் போகத் தொடங்கின நேரம் அது. காலமை போனால் இருட்டத்தான் வருவன். அஞ்சாம் நாள் அவ சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்ததைக் கண்டன். பசிக்களை எண்டு சொன்னா. பட்டினி கிடக்கிற ஆளுக்கு அது வராதோ, நம்பிட்டன்.

ஆறாம் நாள் சூரன்போர். கோயில் வாசல் முழுக்கச் சனம். சூரன் தலையாட்டிக்கொண்டு வாறான், மேளம் காதைப் பிளக்குது. பக்கத்தில நிண்ட அக்காவின்ர வலக்கையில இருந்த அர்ச்சனைத் தட்டு நழுவி விழுந்தது. குனிஞ்சு எடுக்கப் போறா எண்டு பாத்தால் அப்பிடியே சரிஞ்சா. விரத மயக்கம், காத்து விடுங்கோ எண்டு நாலு பேர் சொல்லிச்சினம். ஒரு மனுசி சோடா உடைச்சு வாயில வைக்க வந்தா. நான் முகத்தைப் பாத்தன். வாய் ஒரு பக்கம் இழுபட்டிருக்குது. கதைக்கப் பாக்கிறா, குளறுது. கையைப் பிடிச்சால் நாடி பேய் மாதிரி ஓடுது. டொக்டர் சொன்ன பாரிசவாதம் இதுதான் எண்டு எனக்கு அந்த இடத்திலயே தெரிஞ்சிட்டுது. சோடாவைத் தட்டிவிட்டிட்டு அம்புலன்சுக்கு அடிச்சன். மெயின் றோட்டு நெரிசலில வாகனம் அசையேல்ல. எண்டாலும் நேரத்துக்குப் போய்ச் சேந்திட்டம், அதுதான் கொடுமை.

ஸ்கான் எடுத்தவை. மூளைக்குப் போற குழாயில கட்டி அடைச்சிருக்கு எண்டு சின்ன வயசு டொக்டர் பிள்ளை ஒருத்தி வந்து சொன்னா. அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்குதாம், வருத்தம் தொடங்கிச் சில மணித்தியாலத்துக்குள்ள போட வேணுமாம், எங்களுக்கு இன்னும் நேரம் இருக்குதாம். ஆனா இரத்தம் கட்டாமல் இருக்கிற குளிசை உடம்புக்குள்ள இருந்தால் போட ஏலாது, மூளைக்குள்ள இரத்தம் கசிஞ்சு ஆளே முடிஞ்சிடும். சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் மாறி மாறி ரெண்டு தரம் கேட்டா, கடைசியா எப்ப அந்தக் குளிசை போட்டவ எண்டு.

காலமை போட்டவ, ஒரு நாளும் தவற விடாதவ எண்டு சொன்னன்.

அப்ப அக்கா இடக்கையால என்ர கையைப் பிடிச்சா. நகம் பதியிற அளவுக்கு இறுக்கி, ஆட்டினா. பயத்தில பிடிக்கிறா எண்டு நினைச்சன். தலையைத் தடவி, “பயப்பிடாதேங்கோ அக்கா, குளிசை போட்டனீங்கள்தானே, அது காப்பாத்தும்” எண்டன். அவ என்னைப் பாத்துக்கொண்டே இருந்தா. பிறகு கையை விட்டிட்டுக் கண்ணை மூடிட்டா.

ஊசி போடேல்ல.

அடுத்த நாள் காலமை அவவுக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தன். சாமியறையில முருகன் படத்துக்குக் கீழ ரெண்டு குளிசை மட்டையும் வச்சது வச்ச மாதிரியே இருந்தது. சஷ்டி தொடங்கின நாளில இருந்து ஒண்டும் உடைக்கேல்ல. விரதம் முடிச்சு, பாரணைச் சாப்பாடு சாப்பிட்டிட்டுப் போட எடுத்து வச்சிருக்கிறா. நான் அந்தச் சீமெந்து நிலத்திலயே இருந்து கத்தி அழுதிட்டன். சத்தம் கேட்டு ஏறி வந்த கீழ் வீட்டு அன்ரிதான் அழுது அழுது சொன்னா. அவவும் அக்காவோட சேந்து விரதம் இருந்தவ. “சாப்பாட்டுக்குப் பிறகு எண்டுதானே போட்டிருக்கு, சாப்பாடே இல்லாட்டில் குளிசை என்னத்துக்கு” எண்டு அக்கா அவவிட்டச் சொல்லியிருக்கிறா. ஹார்ட் அட்டாக் இல்லைத்தானே, ஆறு நாளில என்ன வந்திடப் போகுது எண்டும் சொன்னாவாம். கணக்கு ரீச்சரின்ர கணக்கு அப்பிடி.

திருப்பி ஓடிப்போய் அந்த டொக்டர் பிள்ளையிட்டச் சொன்னன். நேரம் முடிஞ்சு போச்சு எண்டு மெல்லமாச் சொன்னா. ஊசி போட்டிருந்தாலும் எல்லாருக்கும் கேக்கிறதில்லை, உங்களில பிழை இல்லை எண்டு என்னைத் தேத்தினா. நல்ல பிள்ளை. நான் நித்திரையில்லாமல் கிடக்கேக்க நினைக்கிறது அவ சொன்னதை இல்லை, போடேல்ல எண்டு சொல்லப் பாத்து ஏலாமல் அக்கா கையை விட்டதைத்தான்.

அக்கா இருக்கிறா. வலப்பக்கம் வழங்காது, பேச்சு வரேல்ல. நான் தீத்தினால் சாப்பிடுவா. சாப்பிட்டு முடிய நானே குளிசையை உடைச்சு வாயில போட்டு, விழுங்கினது தெரியும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிப்பன். ஏன் எனக்குச் சொல்லேல்ல எண்டு சில நாள் ஆத்திரத்தில கத்திப்போடுவன். அவ சத்தமில்லாமல் அழுவா. பிறகு நானும் இருந்து அழுவன்.

என்ர வருத்தம் மாறிட்டுது. போன மாசம் பாத்த ஸ்கானும் நல்லம். உன்ர அக்காவின்ர நேர்த்தியை முருகன் கேட்டிட்டான் எண்டு வாற சொந்தக்காரர் எல்லாம் சொல்லிப்போட்டுப் போகினம். அதைக் கேக்க எனக்குப் பத்தி எரியும், ஆனா அக்காவுக்கு முன்னால வாய் திறக்கிறதில்லை. அவவுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சந்தோசம் அதுதான்.

இந்த முறை சஷ்டிக்குக் கோயிலில நிண்டு, காப்புக் கட்டின ஒவ்வொருத்தரிட்டயும் நெஞ்சுக்குக் குளிசை போடுறனீங்களோ, விரதத்துக்கு எண்டு விட்டிட்டீங்களோ, டொக்டரைக் கேட்டனீங்களோ எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சன். மருந்து விரதத்தைக் கெடுக்காது எண்டு ஐயரையும் கூப்பிட்டுச் சொல்லவச்சன். விசர் மனுசி எண்டு பின்னால சிரிச்சிருப்பினம், சிரிக்கட்டும். என்னை உயிரோட வச்சிருக்கத்தான் அக்கா பட்டினி கிடந்தவ, இந்த உயிரை வச்சுக்கொண்டு வெக்கமில்லாமல் அந்தக் கேள்வியை ரெண்டு தரம், மூண்டு தரம் கேக்கிறதை விட அவவுக்கு நான் வேற என்னத்தைச் செய்யிறது?